பளு தூக்கும் 63 வயதுக்காரர் ஒருவரின் புரதக் கணக்கு: ஒரு நிகழ்வு ஆய்வு

அவர் முதன்முறை ஆலோசனைக்கு வந்தபோது வயது 63, எடை 79 கிலோ. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாரத்தில் நான்கு நாள் பளு தூக்கிப் பயிற்சி செய்பவர். புகைப்பழக்கம் இல்லை, சர்க்கரை நோய் இல்லை, இரத்த அழுத்தம் இயல்பான அளவில் இருந்தது. டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடத் தொடங்கி 15 மாதங்கள் ஆகியிருந்தன. வந்ததன் காரணத்தை ஒரே மூச்சில் சொன்னார்: “டாக்டர், புரதம் நிறையச் சாப்பிட்டேன், சிறுநீரகம் போய்விடும் என்றார்கள். குறைத்தேன், உடம்பு போய்விட்டது. இனி எவ்வளவுதான் சாப்பிடுவது?”

கையில் ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். ஒவ்வொரு நாளும் எந்தப் பயிற்சி, எத்தனை செட், எவ்வளவு எடை, எந்த வேளையில் எத்தனை கிராம் புரதம் என்று இரண்டு ஆண்டுகளுக்குத் தவறாமல் எழுதியிருந்தார். இந்த ஆய்வு எழுதப்படுவதற்கு அந்த நோட்டே அடிப்படை. பொதுவாக உணவைப் பற்றி நோயாளிகள் நினைவிலிருந்து சொல்லும் கணக்கு நம்பத்தக்கதாக இருப்பதில்லை. இங்கே வேளைவாரியாகவே கணக்கு கிடைத்தது, பிழை எங்கே இருந்தது என்பதும் அதனால்தான் தெரியவந்தது.

முன்கதை

61 வயதில் சோர்வு, பாலுணர்வுக் குறைவு, பயிற்சிக்குப் பின் உடல் மீண்டு வருவதில் தாமதம் ஆகியவற்றுக்காக அவர் பரிசோதனை செய்துகொண்டார். வெவ்வேறு நாட்களில், காலை வெறும் வயிற்றில் எடுத்த இரண்டு இரத்தப் பரிசோதனைகளிலும் டெஸ்டோஸ்டிரோன் அளவு ஒரு டெசிலிட்டருக்கு 230 நானோகிராமுக்குக் கீழே இருந்தது. அறிகுறிகளும் இரு முறை உறுதிசெய்யப்பட்ட குறைந்த அளவும் சேர்ந்திருந்ததால் வாரம் 100 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் எனந்தேட் ஊசி தொடங்கப்பட்டது. இது இயல்பான அளவுக்கு ஹார்மோனைக் கொண்டுவரும் ஈட்டு சிகிச்சை. தசைக்காக மிகையாகப் போட்டுக்கொள்ளும் ஊசிக் கணக்கில் இது சேராது. இந்த வேறுபாடு மீண்டும் தேவைப்படும்.

ஊசி தொடங்கிய அதே வாரத்தில் அவர் தன் புரத அளவையும் ஏற்றினார். அதுவரை நாளுக்குச் சுமார் 150 கிராம் சாப்பிட்டவர், 270 கிராமுக்குப் போனார். அப்போது அவர் எடை 84 கிலோ. அதாவது ஒரு கிலோ உடல் எடைக்கு 3.2 கிராம். ஊசி உடம்பைக் கட்டச் சொல்கிறது, கட்டுவதற்குப் பொருள் வேண்டும், ஆகவே புரதத் தேவையும் அதே அளவுக்கு ஏறும் என்பது அவருடைய வாதம். ஜிம்களில் பரவலாகக் கேட்கும் வாதம்தான், கேட்கும்போது நியாயமாகவும் படுகிறது.

பத்து மாதங்கள் கழித்து வழக்கமான இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்று வந்தது. அதிலிருந்து கணக்கிட்ட சிறுநீரக வடிகட்டு வீதம் நிமிடத்துக்கு 52 மில்லிலிட்டர். அவரைப் பார்த்த மருத்துவர் நாள்பட்ட சிறுநீரக நோய் எனச் சந்தேகித்து, புரதத்தைக் கிலோவுக்கு 0.8 கிராமாக, அதாவது நாளுக்கு 67 கிராமாக, உடனே குறைக்கச் சொன்னார். மருத்துவர் சொன்னதை இவர் சொன்னபடியே செய்தார். ஐந்து மாதங்களில் எடை 5 கிலோ குறைந்தது. உடலின் கொழுப்பையும் மற்றத் திசுக்களையும் பிரித்து அளக்கும் டெக்சா ஸ்கேனில் கொழுப்பு நீங்கலான உடல் திசு 66.4 கிலோவிலிருந்து 64.3 கிலோவுக்கு இறங்கியிருந்தது. 160 கிலோவில் ஐந்து முறை டெட்லிஃப்ட் (தரையிலிருந்து பளுவைத் தூக்கி நிமிர்வது) செய்தவர் 140 கிலோவில் ஐந்தாவது முறையை முடிக்கத் திணறினார். டெஸ்டோஸ்டிரோன் ஊசி இந்தக் காலம் முழுவதும் ஒரு வாரம்கூடத் தவறவில்லை.

சிறுநீரகம்: முதலில் தீர்க்க வேண்டியிருந்த கேள்வி

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் புரத அளவைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. சிறுநீரகம் உண்மையிலேயே பழுதாகியிருந்தால் 0.8 கிராம் என்ற அறிவுரை சரியானது. நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளுக்குச் சர்வதேச வழிகாட்டுதல்களும் ஏறக்குறைய அதையே சொல்கின்றன, கிலோவுக்கு 1.3 கிராமுக்கு மேல் போக வேண்டாம் என்றும் எச்சரிக்கின்றன.

ஆனால் கிரியேட்டினின் தசையிலிருந்து உருவாகும் கழிவுப் பொருள். தசை மிகுந்தவருக்கு, சிறுநீரகம் நன்றாக வேலை செய்தாலும், அது கூடுதலாகவே இருக்கும். அதற்கு மேல் சமைத்த இறைச்சியும் கிரியேட்டின் தூளும் அதை ஏற்றிவிடும். பரிசோதனைக்கு முந்தைய நாட்களில் செய்த கடும் பயிற்சியும் ஏற்றலாம். தசை வலிமைக்காகப் பயிற்சி செய்வோர் எடுத்துக்கொள்ளும் அந்தக் கிரியேட்டினை இவர் நாளும் 5 கிராம் எடுத்துக்கொண்டிருந்தார். பரிசோதனைக்கு முந்தைய மாலை ஸ்குவாட் செய்ததாக நோட்டில் எழுதியிருந்தது. டெஸ்டோஸ்டிரோன் தொடங்கியபின் தசை கூடியதும் இதோடு சேர்கிறது. வடிகட்டு வீதத்தைக் கணக்கிடும் சூத்திரத்துக்கு இவற்றில் எதுவும் தெரியாது. அதற்குத் தெரிந்தவை வயது, பாலினம், கிரியேட்டினின் ஆகிய மூன்று மட்டுமே.

ஆகவே கிரியேட்டின் தூளை நிறுத்தி நான்கு வாரங்கள் கழித்து, மூன்று நாள் பயிற்சி ஓய்வுக்குப் பின், மூன்று பரிசோதனைகள் எடுக்கப்பட்டன. கிரியேட்டினின் 1.3 ஆக இறங்கியிருந்தது. சிறுநீரகம் வடிகட்டும் இன்னொரு பொருளும், தசை அளவால் அவ்வளவாகப் பாதிக்கப்படாததுமான சிஸ்டாட்டின் சி 0.92 என வந்தது. அதன்படி வடிகட்டு வீதம் சுமார் 86. சிறுநீரில் ஆல்புமின் எனும் புரதத்தின் கசிவு இல்லை. தைராய்டு கோளாறு சிஸ்டாட்டின் அளவைத் திரிக்கும் என்பதால் அதுவும் பார்க்கப்பட்டது, இயல்பாக இருந்தது. அவருக்குச் சிறுநீரக நோய் இல்லை என்று சொல்லப் போதுமான சான்று கையில் இருந்தது.

முந்தைய மருத்துவரின் எச்சரிக்கை உணர்வை நான் குறை சொல்லவில்லை. 52 என்ற எண்ணைப் பார்த்தும் பேசாமல் இருப்பதுதான் தவறாகியிருக்கும். ஆனால் 60 வயதைக் கடந்த ஒருவரின் உணவிலிருந்து ஐந்து மாதங்களுக்கு முக்கால் பங்குப் புரதத்தை எடுத்துவிடுவதற்கு முன் இன்னொரு குழாய் இரத்தம் எடுத்துப் பார்த்திருக்கலாம்.

இழப்புக்குக் காரணம் புரதக் குறைவு மட்டுமா?

இல்லை என்பதே என் முடிவு. இதை அழுத்திச் சொல்ல வேண்டும்; ஏனெனில் “புரதத்தைக் குறைத்தேன், தசை போனது” என்று இந்தக் கதையைச் சுருக்கினால் பாதி உண்மை மறைந்துவிடும். 270 கிராமிலிருந்து 67 கிராமுக்கு வரும்போது அவர் விட்ட 203 கிராமுக்கு ஈடாக வேறு எதையும் சாப்பிடவில்லை. ஒரு கிராம் புரதத்துக்கு 4 கலோரி என்று வைத்தால் நாளுக்கு 800 கலோரிக்கு மேல் உணவிலிருந்து காணாமல் போயிருக்கிறது. அவரிடம் யாரும் சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லவில்லை, புரதத்தைத்தான் குறைக்கச் சொன்னார்கள். ஆனால் இரண்டும் ஒன்றாகவே நடந்துவிட்டன. கலோரிப் பற்றாக்குறையில் இருக்கும் உடல், புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களையும் எரிபொருளாக எரிக்கும். கிலோவுக்கு 0.8 கிராம் என்ற அளவு, போதுமான கலோரி கிடைக்கும் உடலை வைத்துக் கணக்கிடப்பட்டது. பட்டினி உடலுக்கு அது பொருந்தாது.

மேலும் அந்த 0.8, நைட்ரஜன் சமநிலைச் சோதனைகளிலிருந்து, அதாவது புரதத்தோடு உள்ளே போகும் நைட்ரஜனையும் வெளியேறும் நைட்ரஜனையும் ஒப்பிடும் சோதனைகளிலிருந்து, வந்த அளவு. உலகச் சுகாதார நிறுவனம் உள்ளிட்ட அமைப்புகளின் 2007ஆம் ஆண்டு அறிக்கை 0.83 கிராமைப் பாதுகாப்பான அளவாகக் குறித்தது. அது குறைபாடு வராமல் காக்கும் எல்லை. பளு தூக்கும் முதியவர் தசையைக் காத்துக்கொள்ள ஏற்ற அளவைக் கண்டறிவது அந்தச் சோதனைகளின் நோக்கமாக இருந்ததில்லை. 65 வயதைக் கடந்தவர்களுக்கு நாளுக்குக் கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம், உடற்பயிற்சி செய்பவர்களுக்கு அதற்கும் மேல் என்று 2013இல் ‘புரோட்-ஏஜ்’ என்ற வல்லுநர் குழு பரிந்துரைத்தது. பளுப் பயிற்சி செய்வோரிடம் நடந்த 49 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2018இல் வெளிவந்த பகுப்பாய்வு, கிலோவுக்குச் சுமார் 1.6 கிராமுக்கு மேல் புரதம் கூட்டினாலும் தசை வளர்ச்சியில் மேலதிகப் பலன் தென்படவில்லை என்றது. 3.2 கிராம் அதற்கு இரு மடங்கு.

ஊசி போட்டால் புரதத் தேவை ஏறுமா?

அவருடைய வாதத்தை எண்ணில் வைத்துப் பார்த்தோம். தசையின் எடையில் முக்கால் பங்கு தண்ணீர். புரதம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அதாவது ஒரு கிலோ புதிய தசையில் இருக்கும் புரதம் சுமார் 200 கிராம். ஊசி தொடங்கியபின் அவர் பத்து மாதங்களில் 3 கிலோ தசை கூட்டியிருந்தார் என்றே வைத்துக்கொள்வோம். 600 கிராம் புரதம், 300 நாட்களில், நாளுக்கு 2 கிராம். சாப்பிடும் புரதத்தில் பாதிகூடத் தசைக்குப் போய்ச் சேர்வதில்லை என்று தாராளமாகக் கழித்தாலும் நாளுக்கு ஐந்தாறு கிராமுக்கு மேல் வராது. அவர் கூட்டியதோ 120 கிராம்.

மிகை அளவு ஊசி போட்டால்கூட இந்தக் கணக்கு பெரிதாக மாறுவதில்லை. 1996இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வில், வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் எனந்தேட் போட்டுக்கொண்டு பயிற்சியும் செய்த ஆண்கள் பத்து வாரங்களில் சராசரியாக 6.1 கிலோ கொழுப்பற்ற எடை கூட்டினர். அது முழுவதும் தசை என்றே வைத்தாலும் 1,220 கிராம் புரதம், 70 நாட்களில், நாளுக்கு 17 கிராம். அந்த ஆய்வில் பங்கேற்றவர்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட புரதம் கிலோவுக்கு 1.5 கிராம், அந்த உணவில்தான் அவ்வளவு வளர்ச்சி கிடைத்தது. இந்த எண்களை நான் தாளில் எழுதிக் காட்டியபோது அவர் பேனாவை வாங்கித் தானே ஒரு முறை வகுத்துப் பார்த்தார்.

ஹார்மோன் வேலை செய்யும் விதமும் இதையே சொல்கிறது. ஆண்மை ஹார்மோன்கள் சிறுநீரில் வெளியேறும் நைட்ரஜனைக் குறைக்கின்றன என்பது 1930களிலேயே விலங்குகளில் காட்டப்பட்டது. பின்னர் மனிதத் தசையில் நேரடியாக அளந்தபோது, டெஸ்டோஸ்டிரோன் தசைப் புரத உருவாக்கத்தைக் கூட்டுவதும், பழைய புரதம் உடைந்து செல்லுக்குள் விடுபடும் அமினோ அமிலங்களைத் தசை மறுபடியும் எடுத்துப் பயன்படுத்திக்கொள்வதும் தெரிந்தன. பொருள் வெளியே ஒழுகாமல் உள்ளேயே சுழல்கிறது. ஊசி உடம்பைச் சிக்கனமாக்குகிறது என்று அவருக்கு விளக்கினேன். சிக்கனமாகிவிட்ட குடும்பத்துக்கு மாதச் செலவு இரட்டிப்பாகாது.

இதை நேரடியாகச் சோதித்த ஆய்வும் உண்டு. 2018இல் வெளியான அதில் 65 வயதுக்கு மேற்பட்ட, உடல் இயக்கம் குறைந்த 92 ஆண்கள் ஆறு மாதங்களுக்குக் கிலோவுக்கு 0.8 அல்லது 1.3 கிராம் புரதம் உண்டனர். அவர்களில் ஒரு பகுதியினருக்கு வாரம் 100 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன், மற்றவர்களுக்கு வெற்று ஊசி. டெஸ்டோஸ்டிரோன் தசையைக் கூட்டியது. கூடுதல் புரதம் தனியாகவும் கூட்டவில்லை, டெஸ்டோஸ்டிரோனின் விளைவையும் பெருக்கவில்லை. அவருக்குப் போடப்பட்ட அதே ஊசி, அதே அளவு. இருந்தாலும் இந்த முடிவை அவர் மீது அப்படியே ஏற்றிவைக்க நான் தயங்கினேன். அந்த ஆண்களுக்குப் பளுப் பயிற்சி தரப்படவில்லை; இவர் வாரம் நான்கு நாள் தூக்குகிறார். அவர்களுக்குத் தேவையான கலோரி கிடைத்தது, இவருக்குக் கிடைக்கவில்லை. ஊசிக்காகப் புரதத்தை ஏற்றத் தேவையில்லை என்பதை அந்த ஆய்விலிருந்து எடுத்துக்கொண்டேன், 0.8 போதும் என்ற முடிவை எடுத்துக்கொள்ளவில்லை.

வயதுதான் கேட்கிறது, அதுவும் வேளைக்கு வேளை

நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டியபோது கண்ணில் பட்டது வேறொன்று. 270 கிராம் சாப்பிட்ட மாதங்களில் ஒரு சராசரி நாள் இப்படி இருந்தது: காலை 8 கிராம், மதியம் 42, பயிற்சிக்குப் பின் பானமாக 60, இரவு 160. நாளுக்கு 67 கிராம் சாப்பிட்ட மாதங்களில்: காலை 6, மதியம் 16, இரவு 45. அளவு நான்கில் ஒன்றாகச் சுருங்கியும் வடிவம் மாறவில்லை. இரு காலத்திலும் இரவு உணவிலிருந்து மறுநாள் மதியம் வரை, ஏறத்தாழ 16 மணி நேரம், புதிதாகத் தசை கட்டத் தூண்டும் அளவுக்கு எதுவும் உள்ளே போகவில்லை.

வயது ஏற ஏற, அதே அளவு புரதத்துக்குத் தசை காட்டும் எதிர்வினை மந்தமாகிறது. இரத்தத்தில் ஏறும் அமினோ அமிலங்களில், குறிப்பாக லியூசினில், இளம் தசை சிறு உயர்வுக்கே விழித்துக்கொள்கிறது. முதிய தசையை எழுப்பப் பெரிய உயர்வு வேண்டும். பல ஆய்வுகளின் அளவீடுகளைத் திரட்டி 2015இல் வெளியான கணக்கின்படி, ஒரு வேளையில் தசைப் புரத உருவாக்கம் உச்சத்தைத் தொட இளைஞருக்குக் கிலோவுக்கு 0.24 கிராம் போதுமானதாக இருந்தது, 70 வயதை ஒட்டிய ஆண்களுக்கு 0.40 கிராம் தேவைப்பட்டது. பளுப் பயிற்சி இந்த மந்தத்தை ஓரளவு போக்குகிறது. ஆகவே முப்பது ஆண்டு பயிற்சி உள்ள இவருடைய தேவை இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் எங்கோ இருக்கக்கூடும். ஆனால் நடுவில் எங்கே என்று அளக்க வழியில்லாததால் மேல் எல்லையையே எடுத்துக்கொண்டேன். 79 கிலோவுக்கு வேளைக்கு 32 கிராம்.

காலை 6 கிராம், மதியம் 16 கிராம் என்ற வேளைகள் முதிய தசையைத் தொட்டிருக்க வாய்ப்பு குறைவு. இரவு 160 கிராமோ தேவைக்கு ஐந்து மடங்கு. பெரிய வேளை வீணாகிவிடுகிறது என்று நான் சொல்ல மாட்டேன். 100 கிராம் புரதத்தை ஒரே வேளையில் உண்ட இளம் ஆண்களில் அதன் விளைவு 12 மணி நேரத்துக்கும் மேல் நீண்டதை 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. முதியவர்களில் அது அப்படியே நடக்கும் என்று நம்பி அவருடைய உணவுமுறையை அமைக்க நான் துணியவில்லை. இரவுப் படுக்கையில் நெஞ்செரிச்சலும் நீங்காத மலச்சிக்கலும் இருந்ததாக அவரே அந்த மாதங்களின் ஓரத்தில் குறித்திருந்தார். புரதத்துக்கு இடம் விடுவதற்காகக் காய்கறியையும் தானியத்தையும் ஒதுக்கியதன் விலை அது.

மாற்றமும் விளைவும்

நாளுக்கு 130 கிராம், அதாவது கிலோவுக்கு 1.6 கிராமுக்குச் சற்று மேல். அதை நான்கு வேளைகளாக ஏறக்குறையச் சமமாகப் பிரித்தோம். எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது காலை வேளை. பசியே எடுக்காத நேரத்தில் 32 கிராம் புரதம் சாப்பிடுவது அவருக்கு முதல் மூன்று வாரங்கள் மருந்து குடிப்பதுபோல் இருந்தது. பாலில் கலந்த வே புரதத் தூளும் இரண்டு முட்டையுமாகத் தொடங்கி, பழகியபின் தூளைக் குறைத்தார். பருப்பு, பயறு மட்டுமே கொண்ட வேளைகளில் லியூசின் குறைவு என்பதால் அந்த வேளைகளின் புரத அளவை 40 கிராமை ஒட்டி வைத்தோம். விட்டுப்போன கலோரியைத் தானியமும் காய்கறியும் நல்ல எண்ணெயும் கொண்டு மீட்டோம். கிரியேட்டின் தூளை அவர் விரும்பி மறுபடி தொடங்கினார். நான் தடுக்கவில்லை, ஆனால் இனி சிறுநீரகத்தைக் கிரியேட்டினினை மட்டும் வைத்து மதிப்பிடக் கூடாது என்று அவருடைய கோப்பின் முதல் பக்கத்தில் எழுதிவைத்தேன். ஊசியின் அளவு மாறவில்லை.

ஆறு மாத முடிவில் எடை 81.5 கிலோ. கொழுப்பற்ற திசு 66.1 கிலோ, ஏறக்குறைய பழைய நிலை. டெட்லிஃப்ட் 155 கிலோவில் ஐந்து முறை. சிஸ்டாட்டின் சி 0.90, சிறுநீரில் ஆல்புமின் இல்லை. மலச்சிக்கல் முதல் மாதத்திலேயே தீர்ந்தது. 270 கிராமில் இருந்த நிலையை 130 கிராமில் அவர் கிட்டத்தட்ட எட்டிவிட்டார் என்பதை இதிலிருந்து சொல்லலாம். கலோரியும், அளவும், வேளைப் பங்கீடும் ஒரே நேரத்தில் மாறியதால், மீட்சியில் எதன் பங்கு எவ்வளவு என்று ஒரு தனி மனிதரிடம் பிரித்துச் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் கேட்டால் கலோரி மீண்டதற்கே முதலிடம் தருவேன், காலை வேளைக்கு அடுத்த இடம்.

இதே கேள்வியோடு வரும் இன்னொரு பிரிவினரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். மருத்துவக் காரணமின்றி, இயல்புக்குப் பல மடங்கு மேலான அளவில் ஊசி போடுபவர்களின் கிரியேட்டினின் உயர்வை “அது தசையால் வந்தது” என்று இதே சமாதானத்தைச் சொல்லி ஒதுக்கிவிடக் கூடாது. நீண்டகாலம் அனபாலிக் ஸ்டீராய்டு பயன்படுத்திய உடற்கட்டுக்காரர்களிடம் சிறுநீரக வடிகட்டிகள் தழும்பேறிப்போனது 2010இல் பத்துப் பேரின் திசுப் பரிசோதனையோடு பதிவாகியிருக்கிறது. அவர்களின் சிறுநீரில் புரதம் கசிந்தது. சிறுநீர் ஆல்புமின் பரிசோதனை எளியது. அதைச் செய்யாமல் யாருக்கும் நான் தைரியம் சொல்வதில்லை. ஈட்டு சிகிச்சை பெறுபவர்களுக்கும் கண்காணிப்பு தேவை. 5,200க்கும் மேற்பட்ட ஆண்களைக் கொண்டு 2023இல் வெளியான டிராவர்ஸ் ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரும் நிகழ்வுகள் கூடவில்லை. ஆனால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனும் இதயத் துடிப்புக் கோளாறு, நுரையீரல் இரத்தக்குழாய் அடைப்பு, திடீர் சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை டெஸ்டோஸ்டிரோன் பெற்றவர்களிடம் கூடுதலாகக் காணப்பட்டன.

டெஸ்டோஸ்டிரோன் ஏற்றக்கூடிய இன்னொரு அளவு ஹீமாடோக்ரிட், அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு. நம்மவருக்கு அது கடைசிப் பரிசோதனையில் 52 சதவீதம். 54ஐத் தாண்டினால் ஊசியை நிறுத்தி, இறங்கியபின் குறைந்த அளவில் தொடங்க வேண்டும். அதுவரை மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்ப்பதென முடிவாகியிருக்கிறது. அடுத்த பரிசோதனைக்கான தேதியை அவர் தன் நோட்டில் எழுதி, அதற்கு முந்தைய மூன்று நாட்களுக்கு நேராக “பளு இல்லை” என்று குறித்துக்கொண்டார்.